கீழவைப்பாரில் தங்கிவிட்ட கப்பல் நிழல்

தூத்துக்குடித் துறைமுகத்தில் மக்கள் பார்வைக்கு நின்றுவிட்டு வடக்கே கிளம்பிய போர்க்கப்பல், கீழவைப்பாரைத் தாண்டும்போது தன் நிழலைக் கரையில் விட்டுவிட்டுப் போய்விட்டது. நிழல் விழுந்த இடம் அல்போன்சாவின் கருவாட்டுக் களம். சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நகரவில்லை.

கருவாடு என்பது பாதி உப்பு, பாதி வெயில். மீனுக்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுக்கும். வெயில் அதைக் கொண்டுபோகும். இரண்டாவது வேலைக்கு ஆளில்லாததால் அல்போன்சாவின் சாளை மீனெல்லாம் புழுத்தது. கருவாடு ஒன்றுதான் அவளுக்குப் பிழைப்பு. நிழலை எடுக்கச் சொல்லி, பாதுகாப்புத் துறை அலுவலர் பிரத்யும்னனிடம் போனாள்.

வானத்திலிருந்து கப்பலைத் தேடுகிறவன் முதலில் பார்ப்பது அதன் நிழலைத்தான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். வல்லரசுகள் கோடி கோடியாகக் கொட்டியும் கிடைக்காத நிழலில்லாக் கப்பல் நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. தவிர, மரமில்லாத கரையில் நிழல் பெரிய வளம். அங்கே குளிர் தொழிற்பூங்கா வரப்போகிறது. சொன்னபடியே களத்தில் அளவுக்கல் நட்டார்கள்.

“நாடு வளரட்டும் சார், வேண்டாங்கல. எம் மீனு நாறுதே!”

வேலையற்றுப்போன அல்போன்சா நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ நடுக்கடலில் கப்பல் ஆடினால் இங்கே நிழலும் ஆடியது. ஒருநாள் பீரங்கியின் நிழல் மெல்லத் திரும்பியது. மறுநாளும் அது அப்படியே இருக்கவே, மறுபடி அலுவலகம் போனாள்.

“சார், ஒங்க பீரங்கி நேத்துலேருந்து கெழக்க பாத்து நிக்கி. அங்கன யாருகூட சண்ட?”

பிரத்யும்னன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “யாரும்மா சொன்னது?”

“யாரு சொல்லணும்? எங் களத்துல நெழலு கெடக்கு. டீக்கடையில அதான் பேச்சு.”

நிழலை மறைக்க முதலில் தகரக் கூரை போட்டார்கள். நிழல் கூரைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது. வெளிச்சம் வராத இடம்தான் நிழல் என்பது யாருக்கோ பிறகு நினைவு வந்தது. கூரையைப் பிரித்து, களத்தின் நாலு பக்கமும் விளையாட்டு மைதானத்து விளக்குகளை நட்டு இரவும் பகலும் எரியவிட்டார்கள். நிழல் மறைந்தது. நிழலில்லாத பூங்கா எதற்கு என்று அளவுக்கல்லைப் பிடுங்கினார்கள். இத்தனை விளக்கு எதற்கென்று யாரும் கேட்டுவிடாதபடி, களத்தில் எந்நேரமும் மீன் காய வேண்டும் என்று அல்போன்சாவுக்கு உத்தரவு வந்தது.

மேகம் மூடிய கார்த்திகையிலும் அவள் சாளை மொறுமொறுவென்று காய்ந்தது. மின்சாரச் செலவு பாதுகாப்புக் கணக்கில் போனது. கருவாடு ஏற்றுமதி வளர்ச்சிக் கணக்கில் வந்தது. இரண்டு துறைகளும் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டன.

“ஏளா, ஒனக்கு மட்டும் கவர்மெண்டு வெயிலாக்கும்?” என்றாள் பக்கத்துக் களத்துப் பெர்சி.

அடுத்த போர்க்கப்பல் அந்த வழியாக வந்தபோது, பெர்சி தன் களத்தைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு, கரையில் நின்று முந்தானையை வீசினாள். “ஏ ராசா, இங்கன வா, இங்கன!”

கப்பல் வேகத்தைக் குறைத்தது.