கேப்டன் வராத திறப்பு விழா

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்று மகாராஜா என்று கூப்பிட்டால் ஒருவரும் திரும்பமாட்டார்கள். 'கேப்டன் மகன்' என்றால்தான் ஆளைத் தெரியும். அப்பா துரைப்பாண்டி ஊர்க் கபடி அணியின் கேப்டன், ஆட்டத்தில் புலி. அவர் பிடித்த காலை எமனே வந்தாலும் விடுவிக்க முடியாது என்பார்கள். மகனோ நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ரகம்.

அவன் எலுமிச்சை ஜூஸ் கடை போட்டான். புளியங்குடிக்குத் தானே போய்ப் பழம் எடுத்துவந்தான். கடை நன்றாக ஓட வேண்டும் என்று திருச்செந்தூரில் மொட்டை போட்டவன், மொட்டைக்கு எடுப்பாக இல்லை என்று மீசையையும் வழித்துவிட்டான். எந்த வீட்டு ஆண்பிள்ளை எப்போது மீசையை எடுப்பான் என்று அந்த மண்டைக்கு உறைக்க வேண்டாமா?

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நாளைக்கு நீங்க வரவேண்டாம்ப்பா. வந்தா எல்லாரும் உங்களத்தான் பாப்பாவ. ஒருநாளாவது இது என் கடையா இருக்கட்டும்."

துரைப்பாண்டிக்குச் சுருக்கென்றது. "சரிலே" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

காலையில் முதலில் வந்தவர் அப்பாவோடு கபடி ஆடிய கரிவலம்வந்தநல்லூர் காசி. எதிரே மகன் மொட்டைத் தலை, மழித்த மீசையோடு நின்றான். கேப்டனையும் காணோம். கொள்ளி வைத்த கோலம் வேறு எப்படி இருக்கும்?

"ஏலே, அப்பன் சாம்பல் ஆறல. அதுக்குள்ள கடை திறப்பா?"

"மாமா, அப்பா வீட்டுல தோசை தின்னுட்டு இருக்காவ!"

"ஐயோ, பயலுக்குப் புத்தி பேதலிச்சிட்டே!" காசி அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் சேர்ந்தது. பாதிப் பேர் மாலையோடு வந்துவிட்டார்கள். சாவுக்குத் துட்டி கேட்க வந்த இடத்தில் யார் ஜூஸ் குடிப்பார்கள்? மகாராஜா சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனான். கடைசியில் வெட்கத்தை விட்டு அப்பாவுக்கே போன் போட்டான்.

"உசுரோட இருக்கியன்னு காட்டிட்டாவது போங்கப்பா."

துரைப்பாண்டி பைக்கில் வந்து இறங்கியதும் காசி விசில் அடித்தார். எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மகன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. ஆனாலும் முதல் கிளாஸை அப்பாவிடம்தான் நீட்டினான்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிப்பு கம்மியா இருக்கே" என்றார்.

"ஆமா கேப்டன், கம்மிதான்" என்றார் காசி. அவர் இன்னும் வாயில் ஒரு சொட்டுக்கூட விட்டிருக்கவில்லை.

மகாராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கடையில இனிப்பு இவ்வளவுதான்! சீனி வேணும்னா மிட்டாய்க் கடைக்குப் போங்க!"

கேப்டனை எதிர்த்து ஊரில் இதுவரை ஒரு சொல் விழுந்ததில்லை. அவர் மகனையே பார்த்தார். பிறகு கிளாஸைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, காசி பக்கம் திரும்பினார்.

"கடைக்காரர் சொல்லுதாருல்லா? பேசாம குடியும்வே!"

மகனைப் பிறந்ததிலிருந்து 'ஏலே' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. அடுத்த கிளாஸை மகாராஜா காசியிடம் நீட்டினான், சீனி ஒரு சிட்டிகைகூடக் கூட்டாமல்.