நாற்பத்தொன்றாவது தோட்டா

பெட்டியில் நாற்பது குழிகள்தான். விஜயதசமியன்று நான் கட்டியதோ நாற்பத்தொன்று. மிஞ்சிய ஒற்றைத் தோட்டா பத்து நாளாக அலமாரியில் சும்மா நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை, அடுத்த பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால், அளவுக்காக அதை எடுத்தேன்.

என் பெயர் சுதீர். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி எறிகிறவன் என்று அங்கே பெயர். வீடு திருப்பதியில். மகள் தேவயானி ரைஃபிள் போட்டிகளில் சுடுகிறாள். முறைப்படி லைசென்ஸ் வாங்கி, அவளுக்கு வேண்டிய தோட்டாக்களை நானே வீட்டில் கட்டுகிறேன். பித்தளைக் கூட்டில் மருந்தைப் போட்டு, மேலே குண்டை வைத்து, டை என்கிற இரும்புக் குழலுக்குள் செலுத்தி அழுத்தினால், குண்டு வைத்த அளவுக்குப் போய் உட்காரும்.

அளந்தேன். தோட்டாவின் நீளம் இரண்டு மில்லிமீட்டர் குறைவு. வெர்னியரைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே அளவு.

குண்டு ஆழமாக இறங்கினால் உள்ளே மருந்துக்கு இடம் குறையும். அழுத்தம் ஏறும். கூடு தாங்கும் வரை தாங்கும். தாங்காவிட்டால் அது பின்பக்கமாக வெடிக்கும். சுடுகிறவளின் முகம் அங்கேதான் இருக்கும்.

கூடுகளை அளந்தேன், சரி. குண்டுகள் எல்லாம் ஒரே அளவு. டையின் பூட்டு வளையமும் அசையவில்லை. டையைக் கழற்றி உள்ளே கோணி ஊசியால் சுரண்டினேன். மஞ்சளும் சிவப்புமாகக் கெட்டியான ஒரு வில்லை மேசையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

ஆயுதபூஜையன்று வாழையிலையில் டைகளைத் தலைகீழாக நிறுத்திப் பொட்டு வைத்தவன் நான்தான். கை தாராளம், குழைத்த சந்தனம் உள்ளே வழிந்திருக்கிறது. மறுநாள் தொட்டது துலங்கும் என்று, குளித்துவிட்டு வந்து ஈரம் காயாத அதே டையில் தோட்டா கட்ட உட்கார்ந்தேன். என் மனைவி ஸ்வர்ணலதா அப்போதே கேட்டாள்.

"பொட்ட தொடச்சிட்டு வேலயப் பாருங்களேன்."

"நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிக்கச் சொல்ற. புத்தி இருக்குதா உனக்கு?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சந்தனம் குண்டுகளின் எண்ணெயோடும் பித்தளைத் தூளோடும் சேர்ந்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் கெட்டியாகிக்கொண்டே போயிருக்கிறது. ஒவ்வொரு குண்டும் முந்தியதைவிட ஆழமாக இறங்கியிருக்கிறது. தொழிற்சாலையில் முதல் பாகம், நடுப்பாகம், கடைசிப் பாகம் மூன்றையும் அளந்து தினமும் கையெழுத்துப் போடுகிறவன் நான். வீட்டில் முதலாவதை மட்டும்தான் அளந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

"அவ இன்னைக்கு சித்தூர்ல சுடறா இல்ல?" என்றாள் ஸ்வர்ணலதா, வாசற்படியில் நின்று.

மணி ஒன்பது பத்து. போட்டி பத்து மணிக்கு. முதல் இருபதைப் போன ஞாயிறே பயிற்சியில் சுட்டுவிட்டாள். மோசமான இருபதும் இன்றைக்கு. கட்டிய வரிசையிலேயே அடுக்குவதும், அந்த வரிசையிலேயே சுடவேண்டும் என்பதும் நான் போட்ட சட்டம்.

தேவயானியின் போன் அணைந்திருந்தது. ரேஞ்சில் நுழையும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். ரேஞ்ச் ஆபீஸ் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. "நீ போட்டுகினே இரு," என்று ஸ்வர்ணலதாவிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

சந்திரகிரி தாண்டும்போது போன வாரம் நடந்தது ஞாபகம் வந்தது. பயிற்சி முடித்து வந்தவள், "நைனா, சுட்டப்புறம் போல்ட்ட தூக்க முடியல. டைட்டா புடிச்சிக்குது," என்றாள். அழுத்தம் மிஞ்சினால் கூடு துப்பாக்கியின் அறைக்குள் இறுகிப் பிடிக்கும், அறையை மூடும் போல்ட் திறக்க வராது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான். ஆனால் என் தோட்டாவில் குறை என்பதா?

"கையில பலம் இல்ல உனுக்கு. ஒழுங்கா துன்னாத்தானே? எப்பப் பாத்தாலும் போன நோண்டிக்கினு கெட," என்றேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

பூதலப்பட்டு வருவதற்குள் பத்து அடித்துவிட்டது. நிமிடத்துக்கு ஒரு தோட்டா என்பது அவள் கணக்கு. இப்போது மூன்று, இப்போது ஏழு என்று எண்ணிக்கொண்டே ஓட்டினேன். ஸ்வர்ணலதா இரண்டு முறை கூப்பிட்டு, "யாரும் எடுக்கல," என்று மட்டும் சொன்னாள். எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பொட்டு வைத்தபோதும் அதே சாமிகளைத்தான் கூப்பிட்டிருந்தேன்.

ரேஞ்ச் வாசலில் காவலாள் ரங்கையா, உள்ளே சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், போகக்கூடாது என்று கையை நீட்டி மறித்தார். "லோபலிக்கி போகூடதண்டி, ஃபயரிங் ஜருகுதோந்தி!"

அவரைத் தள்ளிவிட்டு ஓடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வெடி. மற்றவற்றைவிடக் கனமாக, மொத்தென்று கேட்டது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். யாரோ விசில் ஊத, சிவப்புக் கொடி ஏறியது.

தேவயானி குப்புறப் படுத்திருந்தாள். அசையவில்லை. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினாள். முகம் முழுசாக இருந்தது.

பெட்டியில் ஒரே ஒரு தோட்டா மீதி. ரைஃபிள் போல்ட் திறக்க வரவில்லை; ரேஞ்ச் ஆபீசர் மரச்சுத்தியால் தட்டித்தான் திறந்தார். வெளியே விழுந்த கூட்டின் அடியில் பாதி வட்டத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. அவர் அதை என்னிடம் காட்டினார்.

தேவயானியின் வலது உள்ளங்கை வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"இன்னாடி இது?"

"ஒவ்வொண்ணுக்கும் கையால குத்திக் குத்தித்தான் தெறந்தேன்."

"இவ்ளோ டைட்டா இருந்தா நிறுத்த வேணாமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"எனக்குத்தான் கையில பலம் இல்லன்னு நெனச்சேன், நைனா."

அந்தக் கையைப் பிடிக்க என் கையை நீட்டினேன். டையைச் சுரண்டிய சந்தனம் என் நகக்கண்ணில் இன்னும் இருந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.