கழுவி வந்த தூக்குச்சட்டி

காந்தாவின் தூக்குச்சட்டி தினமும் கழுவித்தான் வீட்டுக்கு வந்தது. அவள் அம்மா அன்னம்மாளுக்குச் சந்தேகம் வர அது ஒன்றே போதும். வீட்டில் தான் குடித்த தம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத பெண், காலேஜுக்குப் போய்ச் சட்டி கழுவுகிறாளாம், அதுவும் பளபளவென்று. ஒருநாள் மூடியை முகர்ந்து பார்த்தாள். கருவாட்டு வாசனைக்கு மேலே பீடி நாற்றம்.

பெண்ணோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். தாமலிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போய்ப் புகுமுக வகுப்புப் படிக்கிற முதல் பெண் அவள். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதலாவதாக வந்தவள், காலேஜில் அரைப் பரீட்சையிலேயே கோட்டை விட்டிருந்தாள். கேட்டால், "மத்தியானமானா கிறுகிறுன்னு வருதும்மா" என்றாள். கிறுகிறுப்பு எதனால் வரும் என்று அன்னம்மாள் யோசிக்க ஆரம்பித்தால் யோசனை கண்ட இடத்துக்கெல்லாம் போனது.

அவள் புருஷன் தணிகாசலத்துக்கு யோசனையே தேவைப்படவில்லை.

"எவனுக்கோ சோறு போட்டுக்கினு இருக்குதுமே உன் பொண்ணு. வர்ற ஞாயித்துக்கெழம மாகறல்காரங்க பொண்ணு பாக்க வராங்க. அதுக்கு முன்னாடி நீ ஒரு நட போய்ப் பாத்துட்டு வா. எவனாச்சும் இருந்தான்னா, அன்னியோட படிப்புக்கு முழுக்கு."

புதன்கிழமை காந்தா போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் அன்னம்மாள் ஏறினாள். சாயம் போட்ட பட்டு நூல் காய்ந்துகொண்டிருந்த தெருவழியாக, எதிரே வந்த வாலிபனையெல்லாம் முறைத்துக்கொண்டே நடந்தாள். சைக்கிளில் வந்த ஒருவன் வழிவிடச் சொல்லி மணி அடித்ததற்கு, இவனாக இருக்குமோ என்று நின்று திரும்பிப் பார்த்தாள். காலேஜ் வாசலுக்கு எதிரே புங்கமரத்தடியில் முக்காடு போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியான மணி அடித்தது. காந்தா தூக்கோடு தனியாக வெளியே வந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு கேட்டை ஒட்டியிருந்த கொட்டகையருகே போய் நின்றாள். உள்ளேயிருந்து காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆண் கை நீண்டு தூக்கை வாங்கிக்கொண்டது.

அன்னம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெண் திரும்பிப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தாள்.

உள்ளே காதில் பீடி செருகிய கிழவன் ஒருவன் தூக்கைத் திறந்துகொண்டிருந்தான். கலியன், காலேஜ் வாட்ச்மேன்.

"எம்பொண்ணு சோத்த நீ எதுக்குய்யா துன்ற?"

"உம்பொண்ணா? நான் இன்னா புடுங்கியா துன்றேன்? அது விரதம்மா. திங்கள்னா சிவனுக்கு, செவ்வாய்னா முருகனுக்கு, வெள்ளின்னா காமாட்சிக்கு. நடுவுல இருக்குற நாளுக்கும் எதுனா ஒரு சாமி வெச்சிருக்குது."

சோறு கொஞ்சம் தாமதமானால் வீட்டை இரண்டாக்குகிற காந்தாவா விரதம்? அன்னம்மாள் கிழவனை நம்பாமல் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உன் கொழம்பாம்மா இது? தினம் கை மணக்குது. இங்க அதான் வம்பே. சேந்த புதுசுல பொண்ணுங்க ரூம்ல குந்தி இந்தத் தூக்க தொறந்துச்சு. கேழ்வரகுக் களியும் கருவாடும். அங்க துன்றதெல்லாம் பட்டுக்கடைக்காரங்க வூட்டுப் பொண்ணுங்க. மூக்கப் பொத்திக்கினு எல்லாம் எழுந்து வெளிய வந்துடுச்சுங்க. மறுநாள்லேருந்து இது விரதம்."

அன்னம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெண் எவனையாவது விரும்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. விடியுமுன் எழுந்து களி கிண்டிய கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கோபமும் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தூக்கை வாங்கிக்கொண்டு பெண்கள் அறைக்குப் போனாள். தயிர்சாதமும் எலுமிச்சைசாதமும் திறந்து கிடந்தன. மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த காந்தா, அம்மாவையும் தூக்கையும் பார்த்து வெட்கத்தில் செத்துப்போனாள்.

பக்கத்திலிருந்த மதனவதி என்ற ஜைனப் பெண்தான் எழுந்து வந்தாள். "காந்தாவோட அம்மாவா? உபவாசம்னா நாங்கதான்னு ஊர்ல சொல்லுவாங்க. எங்கம்மாவே இவகிட்ட தோத்துடுவாங்கம்மா."

அவள் முகத்தில் கேலி இல்லை. காந்தாவின் கண்கள் கெஞ்சின. ஒரு வார்த்தை தவறினால் பெண் நாளைக்கு இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்று அன்னம்மாளுக்குப் புரிந்தது.

"வேண்டுதல் என்னுதும்மா. எனக்கோசரம் அவ தாங்கிக்கினு இருந்தா. இன்னியோட முடிஞ்சுபோச்சு, அத சொல்லத்தான் வந்தேன். எழுந்து வா காந்தா, சாப்புடு."

அந்த அறையில் தூக்கைத் திறக்க அன்னம்மாளுக்கும் துணிச்சல் வரவில்லை. கலியன் கொட்டகையில்தான் உட்கார்ந்தார்கள். காந்தா அழுதுகொண்டே களியை உருட்டி உருட்டி விழுங்கினாள்.

"நாளைக்கு இன்னாம்மா பண்றது?"

"இங்கியே குந்தி துன்னு. தாத்தாவுக்கும் சேத்து வெக்கிறேன்."

"கொழம்பு கொஞ்சம் தாராளமா ஊத்தும்மா" என்றான் கலியன்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தணிகாசலம் காத்துக்கொண்டிருந்தான். காந்தா முன்னால் போகட்டும் என்று விட்டு, மனைவியின் பக்கத்தில் வந்தான்.

"யாருமே அவன்?"

"மாகறல்காரங்கள வர வேணாம்னு சொல்லியனுப்பு. புள்ள பட்டினி கெடந்து படிச்சிக்கினு இருக்குது."

"அவன் யாருன்னு கேட்டேன்."

"எவனுமில்லய்யா" என்றாள் அன்னம்மாள். "என் கருவாட்டுக் கொழம்புதான்."