பாம்புக் காதுக்காரர்

குடிநீர் வாரியத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பாம்புக் காதுக்காரர் என்றால்தான் தெரியும். தரைக்கு நாலடி கீழே பைப் விரிசல் விட்டுத் தண்ணீர் வீணாகிக்கொண்டிருக்கும். மேலே தார் ரோடு சுக்காய்க் காய்ந்து கிடக்கும். எங்கே தோண்டுவது என்று எல்லோரும் முழிக்கும்போது அவர் வருவார். கையில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் ஒரு மரக்குமிழ். பத்தடிக்கு ஒருதரம் கம்பியைத் தரையில் ஊன்றி, குனிந்து, குமிழில் வலது காதை வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்பார். கடைசியில் ஓரிடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார்.

"இங்கதான். உஸ்ஸுன்னு ஓடுது."

தோண்டினால் தண்ணீர் இருக்கும். இருபத்தாறு வருஷமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

அந்த வலது காதுக்கு அவர் கொடுத்த மரியாதையில் கால்வாசியைக் கட்டிய மனைவிக்குக் கொடுத்திருந்தால் அந்த அம்மாள் மகாராணி மாதிரி இருந்திருப்பாள். கொஞ்சம் குளிரடித்தால் காதுக்குப் பஞ்சு. பேருந்தில் ஹாரன் பக்கம் உட்கார மாட்டார். முடிவெட்டுகிறவர் கத்தரியை அந்தப் பக்கம் கொண்டுபோனால் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவார். யாராவது தொழிலைப் பற்றிக் கேட்டால் போதும், "எல்லாருக்கும் காது இருக்கு, கேக்கத் தெரியணும்" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும்.

வந்தது வினை. வாரியம் கசிவு கண்டுபிடிக்க ஒரு மெஷின் வாங்கியது. ஹெட்போன் மாட்டிக் கேட்கிற மெஷின் என்பதால், தெருவில் வேலை செய்கிற அத்தனை பேரும் காதுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு. அவர் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

காது டாக்டர் ஓர் அம்மாள். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். இடது காது முடிந்து வலது காதின் முறை வந்ததும் அவர் தயங்காமல் அழுத்தினார். ஒன்றைக்கூட விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் பட்டனுக்கு வேலையே இருக்கவில்லை. பரிசோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். டாக்டர் வந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"நான் கையை நீட்டும்போதெல்லாம் அழுத்தினீங்க," என்றார், முகத்துக்கு நேரே நின்று. "திரும்பி உக்காந்ததும் நிறுத்திட்டீங்க. நீங்க எந்தக் காதால வேலை செய்யறீங்க?"

"இதோ, இதாலதான்."

"இதுல ஒண்ணுமே கேக்கலையே ஐயா. போய் மூணு நாலு வருஷமாவது இருக்கும். இடது காதுதான் பாதி கேக்குது."

"போன மாசம் மட்டும் பதினொரு லீக் கண்டுபிடிச்சேன் டாக்டர்."

"அப்படியா? எப்படி?"

டாக்டர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி அவரை அப்படி உறுத்தியது. டாக்டர் முடிவை எழுதி, ஓர் உறையில் போட்டு ஒட்டிக் கையில் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் ஆபீசில் சேர்த்துவிடச் சொன்னார்.

உறையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முழங்கால் போனவர்களும் முதுகு பிடித்தவர்களும் உட்கார்ந்திருக்கிற பழைய கோப்பு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். தெரு அத்தோடு சரி. கொடுக்காமல் இருந்தாலோ, இன்னொரு சங்கடம். இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றினோமா என்ற கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு நானூறு சட்டையைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது வேலை. அதே வேலையை வீட்டுக்கு வந்து சம்பளமில்லாமல் தொடர்கிறாள் என்பது அவருடைய பழைய புகார்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும். நான் எதிர்ல வந்து நின்னுதான் இத்தனை நாளாப் பேசறேன். கவனிச்சீங்களா?"

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்க காதைப் பத்தி உங்ககிட்ட யாரு பேசறது? உங்கம்மாவைக் குறை சொன்னாக்கூட பொறுத்துக்குவீங்க."

"சரி, காது கேக்கலைன்னே வெச்சுக்கோ. லீக் எப்படி கிடைச்சுது? பதினொண்ணும் குருட்டு அதிர்ஷ்டமா?"

"ஞாயித்துக்கிழமை கம்பியை எடுத்துக்கிட்டு வாங்க, பாத்துடலாம்," என்றாள்.

பூங்காவை ஒட்டிய தெருவில் சனிக்கிழமைதான் அவர் ஒரு வட்டம் போட்டிருந்தார். திங்கட்கிழமை தோண்டப் போகிறார்கள். ஞாயிறு காலையில் அங்கே போய், அம்மாள் ஒரு துண்டால் அவர் கண்ணை இறுக்கக் கட்டினாள். நாலு சுற்றுச் சுற்றிவிட்டாள். பிறகு கையைப் பிடித்து அங்கேயும் இங்கேயும் நடத்தினாள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று ஒருவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

முதலில் வட்டத்தின் நட்டநடுவிலேயே அவள் கம்பியை ஊன்றினாள்.

"இங்க?"

"இல்லை. ஒண்ணும் கேக்கலை."

இன்னும் ஐந்தாறு இடம். கடைசி இடத்தில் அவர் முகம் மலர்ந்தது. "இங்கதான். பாரு, தெளிவா ஓடுது. உஸ்ஸுன்னு."

அம்மாள் துண்டை அவிழ்த்தாள். கம்பி பூங்கா சிமெண்டு மேடையின் மேல் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே பைப்பே கிடையாது. அந்தப் பேட்டையில் பைப் போட்டவரே அவர்தான்.

அவமானத்தில் அவர் விடுவிடுவென்று வட்டத்துக்கு நடந்தார். கம்பியை ஊன்றிக் குனிந்தார். சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மெல்லிசாக, ஒரே சீராக, இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற அதே சத்தம். "கேக்குது," என்றார். அம்மாள் கம்பியின் கீழ் முனையைப் பிடித்து ஒரு சாண் மேலே தூக்கினாள். கம்பி அந்தரத்தில் இருந்தது. சத்தம் நிற்கவில்லை.

அவர் சுட்டதுபோல் குமிழிலிருந்து காதை எடுத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான். தன் வீட்டில் இத்தனை நாளாகச் சமைத்துப் போட்டது வேறு யாரோ என்று திடீரென்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

"கண்ணுதாங்க," என்றாள் அம்மாள். ஒரு சட்டையில் பிரிந்த தையலைக் கண்டுபிடித்த திருப்தி அவள் குரலில் இருந்தது. "உங்க கண்ணு எதையோ பாத்துடுது. பாத்ததும் உள்ள சத்தம் கேக்குது. வேலை செய்யறது கண்ணு, பேரு வாங்கறது காது."

திங்கட்கிழமை அந்த வட்டத்தைத் தோண்டினார்கள். தண்ணீர் இருந்தது.

நம்ம ஆள் சும்மா இருப்பாரா? ஒரு கருத்து போனால் அந்த இடத்தில் உடனே இன்னொன்றை உட்காரவைத்தாக வேண்டும், காலியாக விட மனசு வராது. ராத்திரிக்குள் கண்தான் எல்லாம் என்று முடிவுகட்டிவிட்டார். என்னென்ன அடையாளம் என்று நோட்டில் எழுதினார். சுவரடியில் பாசி. ரோட்டோரம் ஓரிடத்தில் மட்டும் பச்சையான புல். சுவரில் பொரிந்த சுண்ணாம்பு. குளுமை தேடி நாய் படுக்கிற இடம். பதினாலு அடையாளம் சேர்ந்தது. பதினைந்தாவது எழுதும்போது முகத்தில் ஒரு விஞ்ஞானியின் களையே வந்துவிட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அச்சகங்கள் இருக்கிற தெருவில் கசிவு என்று புகார். மூன்று நாளாக ஒரு வீட்டுக்கும் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவர் கம்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு நோட்டோடு போனார். மண் தோண்டுகிற இரண்டு பேரும் கையில் நோட்டைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தேட ஆரம்பித்ததும் தெரு முழுக்க அடையாளமாக இருந்தது. இருபதடிக்கு ஒரு பாசி. நாய்களுக்கோ படுக்காத இடமே இல்லை. சுண்ணாம்பு பொரியாத சுவர் அந்தத் தெருவில் கட்டப்படவே இல்லை போலிருக்கிறது. கடைசியில், பாசியும் புல்லும் நாயும் ஒன்றாகச் சேர்ந்த ஓர் அற்புதமான மூலையில் அவர் வட்டம் போட்டார். ஐந்தடி தோண்டினார்கள். புழுதி பறந்தது. மாடி வீட்டு ஏ.சி. குழாயிலிருந்து ஒரு சொட்டு அவர் பிடரியில் விழுந்தபோதுதான் அந்தப் பாசியின் ரகசியம் விளங்கியது.

"அண்ணனுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லைபோல," என்றார் தோண்டுகிறவர்களில் மூத்தவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே. திட்டியிருந்தால் தேவலை.

புதன்கிழமை காலையில் அவர் புறப்படும்போது அம்மாள் கம்பியை நீட்டினாள்.

"அது பொய்க் கம்பி," என்றார் அவர்.

"பொய்யோ நெஜமோ, அது கையில இருந்தா நிக்கறீங்க, குனியறீங்க. இல்லேன்னா நோட்டைத்தான் பாக்கறீங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

சட்டைப் பையில் டாக்டரின் உறையும் இருந்தது. அன்றோடு ஒரு வாரம் முடிகிறது.

அச்சகத் தெருவில் இன்ஜினியரம்மா புது மெஷினோடு வந்து நின்றாள். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆன சின்னப் பெண், ஆனால் பொறுப்பானவள். மெஷினை இயக்க வந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தார். அச்சு மெஷின்களின் தடதடப்புத்தான் அவருக்குக் கேட்டது. வாசல்களில் காலிக் குடங்களோடு ஜனங்கள் நின்றார்கள்.

"நீங்க பாருங்கண்ணா," என்றாள் இன்ஜினியரம்மா.

அவர் கம்பியை ஊன்றினார். குனிந்தார். நேற்றைய பாசி நினைவுக்கு வந்தது, தள்ளிவைத்தார். பத்தடி நடந்தார், ஊன்றினார், குனிந்தார். எதையும் தேடவில்லை. வெட்கத்தில் தேடவும் தெம்பில்லை. தெருவின் பாதியில், ஓர் அச்சகத்து வாசலுக்கு எதிரே, பாசியோ புல்லோ நாயோ எதுவுமே இல்லாத மொட்டைத் தாரில், சத்தம் கேட்டது.

எதைப் பார்த்துக் கேட்டது என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நோட்டிலிருந்த பதினைந்தில் ஒன்றுகூட அங்கே இல்லை. வட்டம் போட்டார்.

மூன்றரை அடியில் மண் ஈரமாயிற்று. நாலடியில் கடப்பாரை பட்ட இடத்திலிருந்து தண்ணீர் பீறிட்டு, குழிக்குள் நின்றவரின் இடுப்புவரை நனைத்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். "பாம்புக் காது பாம்புக் காதுதான்யா," என்று மூத்தவர் குழிக்குள்ளிருந்து சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். நேற்றைய வறண்ட குழியை எல்லோரும் ஒரு நொடியில் மறந்துவிட்டார்கள். இந்த உறையைக் கிழித்துச் சாக்கடையில் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஆசை அவருக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

குழியைப் பார்த்தார். தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அது உண்மையில் எப்படிச் சத்தம் போடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்போல் ஆசையாக இருந்தது.

"மேடம், தண்ணி சத்தம் போடுதா?"

இன்ஜினியரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டா என்று ஒருகணம் யோசித்தாள். பிறகு பதில் சொன்னாள்.

"போடுதுண்ணா. நல்லாப் போடுது."

"எப்படி? உஸ்ஸுன்னா?"

"இல்லை. பக்பக்குன்னு. பாட்டில்ல தண்ணி ஊத்தற மாதிரி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உறையை எடுத்து நீட்டினார். அவள் பிரித்துப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். குழியைப் பார்த்தாள், வட்டத்தில் மிச்சமிருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள்.

"இதை நான் மேல அனுப்பியாகணும்."

"அனுப்புங்க. ஒளிச்சுவெச்சா எனக்குத் தூக்கம் வராது."

"உங்களைத் தெருவுலயே வெச்சுக்கணும்னு நானும் ஒரு கடிதம் எழுதி இதோட சேர்த்து அனுப்பறேன். கேப்பாங்களா தெரியாது. காது கேக்காத ஆளு எப்படிக் கண்டுபிடிக்கறாருன்னு நிச்சயம் கேப்பாங்க. என்ன எழுதட்டும்?"

காது என்று சொல்லிப் பழகிய வாய் ஒரு பக்கம். கண் என்று பதினைந்து அடையாளம் எழுதிய நோட்டு ஒரு பக்கம். குனிகிறீர்கள், அதனால்தான் என்கிற மனைவி இன்னொரு பக்கம். எல்லாருக்கும் காது இருக்கு என்கிற பழைய பாட்டை அவர் இந்தத் தடவை எடுக்கவில்லை.

"தெரியலைன்னு எழுதுங்க," என்றார்.

அவள் பேனாவை எடுத்து, சிரிக்காமல், அப்படியே எழுதினாள்.