ஹீட்டர் வைத்த தொட்டி

...வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், யார் கேட்டது, ரெஜைனா நகரத்திலிருந்து மகள் ஹீட்டர் வாங்கி அனுப்பினால் மாடுகளின் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதானே, அதை விட்டு நேற்று பக்கத்துப் பண்ணை மெத்தோடியிடம் பெருமையடித்து, "இனிமே உன் கோடாலிக்கு ஓய்வுய்யா, தொட்டியில ஐஸே கட்டாது" என்று... சொன்னதும் அந்த மனிதர் முகம் போன போக்கு! காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டெஃபா பூட்ஸை மாட்டியபடியே தன்னைத் திட்டிக்கொண்டாள். வெளியே மைனஸ் முப்பது. வேலி நடுவில் அந்த ஒரே தொட்டி, இந்தப் பக்கம் இவள் மாடுகள், அந்தப் பக்கம் அவர் மாடுகள், கணவன் பெட்ரோ இருந்தபோது இரண்டு வீட்டாரும் பேசி வைத்தது. பெட்ரோ போன பிறகும் ஒவ்வொரு குளிர்காலமும் காலையில் அவர் ஐஸை உடைப்பார், இவள் துண்டுகளை வாரி வெளியே போடுவாள், அதற்குள் ஊர் வம்பு முழுக்க முடிந்துவிடும், "இது காப்பியா, ரோடு போடுற தாரா?" என்று தினமும் ஒரே கேள்வி, கேட்டுவிட்டு இரண்டு கோப்பை குடிப்பார்... ஐஸ் இல்லாவிட்டால் அவர் ஏன் வரப்போகிறார்? வெந்நீர்த் தொட்டியை வேடிக்கை பார்க்கவா?

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் என்ன? சீ, ஐம்பத்தொன்பது வயதில் புத்தி போகிற போக்கைப் பார், மாடுகள் என்ன பாவம் செய்தன, கிழட்டுச் சிவலை நேற்று எவ்வளவு ஆசையாகக் குடித்தது... ஆனாலும் ஒரே ஒரு நாள்... இப்படி யோசித்துக்கொண்டே பிளாஸ்க்குடன் வேலிவரை வந்துவிட்டாள். தொட்டியில் ஆவியைக் காணோம். பாறை மாதிரி ஐஸ். சிவலை அதை நக்கிவிட்டு இவளைக் குறையாகப் பார்த்தது. அதற்குள் பழுதா? ஹீட்டருக்கு மின்சாரம் வரும் கம்பத்தைப் பார்த்தாள். பிளக்கை யாரோ கழற்றி ஆணியில் தொங்கவிட்டு, பனி புகாமல் ஒரு கையுறையையும் மாட்டியிருந்தார்கள். பழுப்புக் கம்பளிக் கையுறை, கட்டைவிரலில் ஒட்டுப்போட்டது. அந்த ஒட்டு யார் போட்டது என்று அவளுக்குத் தெரியாதா? போன கிறிஸ்துமஸுக்கு மெத்தோடிக்கு அவளே தைத்துக் கொடுத்ததுதானே. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று கையுறையை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

பிக்கப் வண்டி வந்து நின்றது. மெத்தோடி கோடாலியோடு இறங்கினார், ஒரு கை பைக்குள். "என்ன ஸ்டெஃபா, உன் மக மெஷின் ஒரே ராத்திரியில மண்டையப் போட்டுருச்சா?"

"ஆமாய்யா. வெலதான் கொள்ள."

"அப்ப மறுபடியும் நான்தான் ஒடைக்கணும். எல்லாம் என் தலையெழுத்து!"

தலையெழுத்தை நொந்துகொள்கிற ஆள் இப்படியா சீட்டியடித்துக்கொண்டு கோடாலியை ஓங்குவார்... வெறுங்கை சிவந்துபோயிருந்தது. காப்பியை ஊற்றி அந்தக் கையில் கொடுத்தாள், அவர் தார் என்றார், குடித்தார். கோட்டுப் பைக்குள் அவள் விரல்கள் கையுறைக்குள் நுழைந்திருந்தன, என்ன பெரிய கை இந்த மனிதருக்கு, சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏப்ரல் வந்தால் ஐஸ் தானாக உருகிவிடுமே, அப்போது என்ன சாக்குச் சொல்லி வருவார், இல்லை, இந்தத் தடவை நானே வாயைத் திறந்து, ஐஸ் இல்லாட்டியும் காப்பிக்கு வாய்யா என்று...