இரண்டாயிரத்து நூறு யாருடையது

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைச் சிடுமூஞ்சி என்று திட்டக் கூடாது. 2005ஆம் வருஷம், எண்ணூரிலிருந்து பாரிமுனை போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பேர் செஸ் ரேட்டிங் பற்றி, அதாவது ஆட்டக்காரரின் திறமைக்குப் போடும் எண் பற்றி, பேசிக்கொண்டு வந்தார்கள். "இன்டர்நெட்ல வாங்குறதுலாம் ஒரு ரேட்டிங்கா மாமு? வூட்ல ஒக்காந்துகினு யாரு வேணா வாங்கலாம்" என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை. தண்டையார்பேட்டை வருவதற்குள் மனசுக்குள் செங்கொடி என்று ஒருத்தியை உண்டாக்கிவிட்டேன். அவர்கள் இறங்கிப் போனார்கள். இவள் இறங்கவில்லை.

முதல் வாக்கியம் இப்படி வந்தது: 'திருவொற்றியூர் ஆலைச் சங்கு ஊதியதும், மூடுபனியை விலக்கிக்கொண்டு செங்கொடி —'

திருவொற்றியூரில் மூடுபனியாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'ஏழைக் குடும்பத்தில் பிறந்தும், சதுரங்கத்தில் அபாரமான —'

இதை எழுதிய விரலை முறிக்கலாம். பிறந்தும் என்ன பிறந்தும்? மூளை பங்களாவுக்குள்தான் குடியிருக்கும் என்று எவன் எழுதிக் கொடுத்தான்?

மூன்றாவது நிற்கிறது: செங்கொடிக்கு இன்டர்நெட்டில் ரேட்டிங் இரண்டாயிரத்து நூறு, ஊருக்குள் ஒன்றுமே இல்லை.

2

இருபத்தாறு வயது. வியாசர்பாடி எம்.கே.பி. நகர் குடியிருப்பில் அம்மா தாயம்மாவோடு இருக்கிறாள். திருவொற்றியூரில் இன்ஜின் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில், சரக்கு அனுப்பும் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை. (பெயர் இப்படி இருக்கிறதே, கட்சிக் கதையா என்று ஒரு நண்பர் கேட்டார். அவள் அப்பா வைத்த பெயர் ஐயா, அவரைப் போய்க் கேளுங்கள். வியாசர்பாடியில் இந்தப் பெயரோடு பத்துப் பேரைக் காட்டுவேன்.)

வேலை விட்டதும் தண்டையார்பேட்டையில் இறங்குவாள். அங்கே அவள் தோழி டோரதி ஒரு பிரௌசிங் சென்டர் நடத்தினாள். முன்பெல்லாம் ஒவ்வொரு நகர்த்தலையும் தபால் கார்டில் எழுதி அனுப்பி ஆடிய செஸ் அப்போது இன்டர்நெட்டுக்குக் குடியேறியிருந்தது. ஒரு காயை நகர்த்த மூன்று நாள் அவகாசம். போலந்தில் ஒருவன் குதிரையை நகர்த்தினால், செங்கொடி அதைப் பார்த்து மனசில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அங்கே டிவிக்குப் பக்கத்தில் பலகை எப்போதும் விரித்தே இருக்கும். மூன்று நாளும் அந்த ஆட்டத்தோடுதான் குடித்தனம். சோறு வடிக்கும்போது வந்து மந்திரியை நகர்த்திப் பார்ப்பாள், திருப்பி வைப்பாள். தலை வாரிக்கொண்டே யானையைத் தூக்குவாள், உதட்டைப் பிதுக்குவாள், பழைய கட்டத்திலேயே வைப்பாள்.

"இந்த பொம்மைங்கள எப்பதான் எடுப்ப நீ? துணி மடிக்க எடம் இல்ல" என்பாள் தாயம்மா.

"அது பாட்டுக்குக் கீது, வுடும்மா."

ஒன்றைக் கவனியுங்கள், பின்னால் நான் மறைத்தேன் என்று சொல்லக் கூடாது. இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது அந்த ஆட்டத்தில் தப்பே இல்லை. புத்தகம் பார்க்கலாம், காயை வைத்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரிடம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

3

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி அணியில் ஆடுகிறவர்களை நிரந்தரமாக்கிவிடுவார்கள். வாலிபாலில் நுழைந்து சூப்பர்வைசர் ஆனவர்கள் இருக்கிறார்கள். அந்த வருஷம் செஸ் அணியில் ஓர் இடம் காலி. செங்கொடி நேரே ஸ்போர்ட்ஸ் செகரட்டரி ராசையாவிடம் போய் நின்றாள்.

"நான் ஆடுறேண்ணே. எனக்கு ரெண்டாயிரத்து நூறு ரேட்டிங் கீது, இன்டர்நெட்ல."

ராசையா பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அங்கே அஜின் நின்றிருந்தான். நாகர்கோவில்காரன், அந்தத் தொழிற்சாலை இன்ஜினியர், அணியில் முதல் ஆட்டக்காரன்.

"அண்ணே, என்னோட அபிஷியல் ரேட்டிங் ஆயிரத்து எண்ணூத்தி அம்பது" என்றான் அஜின். "இவங்க ஆடுற சைட்லதான் நானும் ஆடுறேன். அங்க எனக்கு ஆயிரத்து எழுநூறுதான். இவங்களுக்கு மட்டும் ரெண்டாயிரத்து நூறு எப்படி வரும்? பக்கத்துல கம்ப்யூட்டர் இருக்கு. எந்தக் காயை நகர்த்தணும்னு அது சொல்லும், இவங்க அழுத்துவாங்க. திருட்டு ரேட்டிங்."

செங்கொடிக்குக் காது சூடாகிவிட்டது. "நான் அழுத்தல சார். யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

ராசையா நியாயமான மனுஷர். தலையைச் சொறிந்துகொண்டார். "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் கம்பெனி கிளப்புல ஒரு ஆட்டம் ஆடுங்க. நீ ஜெயிக்கணும்னுகூட இல்லம்மா. அந்த ரேட்டிங் உன் சொந்தச் சரக்குதான்னு எனக்குத் தெரிஞ்சா போதும், எடம் உனக்கு."

இதைக் கேட்ட டோரதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாமே, என் கடையில மவுசே நவுர மாட்டேங்குது. அந்த கம்ப்யூட்டரு உனுக்கு செஸ்ஸு சொல்லித் தருதாமா?"

செங்கொடி சிரிக்கவில்லை.

[இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். அஜினின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ரேட்டிங் என்பது ஆள் உயரம் மாதிரி எங்கே அளந்தாலும் ஒன்றாக இருக்கும் சமாச்சாரம் இல்லை. யாரோடு ஆடினாய், எப்படி ஆடினாய் என்பதிலிருந்து வருகிற எண் அது. காசிமேட்டு ஏலத்தில் மீன் கூடைக் கணக்கு, கடையில் கிலோக் கணக்கு. கூடை எண்ணையும் கிலோ எண்ணையும் பக்கத்தில் வைத்து, எது பொய் என்று கேட்பவனை என்ன செய்வது? அஜின் அந்த சைட்டில் டீ குடிக்கும் நேரத்தில் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்த்துவான். அவனுடைய ஆயிரத்து எழுநூறு உண்மை. கடிகாரத்தோடு உட்கார்ந்தால் அவன் புலி, அந்த ஆயிரத்து எண்ணூற்றைம்பதும் உண்மை. ஒரு காய்க்கு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறவளின் இரண்டாயிரத்து நூறு மட்டும் ஏன் திருட்டு? அவளுக்கு அபிஷியல் ரேட்டிங் இல்லையாம். அதற்குப் போட்டிகளில் நாள் கணக்கில் உட்கார்ந்து ஆட வேண்டும். காண்ட்ராக்ட் ஆளுக்கு எவன் லீவு தருகிறான்? ஒருவருக்கு எண் இல்லை என்றால் அவரை இன்னும் யாரும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம். இல்லாததைப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வது அளக்காதவர்களின் திமிர்.]

4

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நடுவில் கடிகாரம். செங்கொடி அதற்கு முன் கடிகாரத்தோடு ஆடியதில்லை. முதலில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஆட்டம் அவளை இழுத்துக்கொண்டது. அஜின் அவசரப்பட்டு முன்னேறினான். அவள் மெல்ல மெல்ல அவன் ராஜாவைச் சுற்றி வழிகளை அடைத்தாள். ஒரு கட்டத்தில் அஜின் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். ராசையா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

ஜெயிக்க இரண்டு வழி இருப்பதுபோலத் தெரிந்தது. செங்கொடி டிவி பக்கத்தில் நிற்பதுபோலவே நின்றாள், அதாவது மனசால். குதிரையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். திருப்பிப் பழைய கட்டத்தில் வைத்துவிட்டு மந்திரியைத் தொட்டாள்.

"குதிரையத் தொட்டாச்சு" என்றான் அஜின்.

எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் செஸ்ஸில் தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். செங்கொடிக்கு இந்தச் சட்டம் தெரியாதா? தெரியும். தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அந்தக் குதிரைதான் அவள் ராணிக்குக் காவல். அது எங்கே நகர்ந்தாலும் ராணி போய்விடும்.

ராசையா அவளைப் பாவமாகப் பார்த்தார். "சட்டம்தாம்மா."

அவள் குதிரையை நகர்த்தினாள். அஜின் ராணியை எடுத்தான். அதற்கு மேல் அங்கே ஆட்டம் இல்லை.

5

பத்திரிகை ஆசிரியரிடம் இதுவரை படித்துக் காட்டினேன். "அவள் ஜெயிக்கட்டுமே சார், வாசகருக்கு ஒரு நிறைவு" என்றார். நல்லா இருக்கே. வாசகர் நிறைவாகச் சாப்பிட்டுத் தூங்க இவள் ஜெயித்துக் காட்ட வேண்டுமா? தோற்றால் இவள் திருடியா?

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அஜின் பெருந்தன்மையாக, 'பரவாயில்லை, மந்திரியையே ஆடுங்க' என்கிறான். அவனை அவ்வளவு நல்லவனாக்க எனக்கு மனசு வரவில்லை. கெட்டவனாக்கவும் வழியில்லை, சட்டப்படிதானே கேட்டான். இன்னொன்றில் செங்கொடி ராயபுரம் கடற்கரைக்குப் போய் அலைகளைப் பார்த்து —

வேண்டாம். தோற்ற பெண்ணையெல்லாம் கடற்கரைக்கு அனுப்பி அழவைக்கிற வேலை எனக்கு வேண்டாம்.

6

ஆகவே நடந்ததை நடந்தபடி.

அஜின் எழுந்து சட்டையை நீவிக்கொண்டான். "பார்த்தீங்களா அண்ணே. கம்ப்யூட்டர் இல்லாம வந்தா இதுதான் லட்சணம். அந்த ரெண்டாயிரத்து நூறு யாருதுன்னு இப்பத் தெரிஞ்சுதா?"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவன் சிரித்தான்.

செங்கொடி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஆத்திரத்தோடு சொன்னாள்.

"தொட்டது தப்பு சார், ஒத்துக்கிறேன். தோத்தது நெசம், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா திருடின்னு சொன்னீங்க பாரு, அத்த ஒத்துக்க மாட்டேன். கம்ப்யூட்டரு சொல்லி நான் அழுத்துறவளா இருந்தா, எனுக்கு எதுக்கு சார் குதிரையத் தூக்கிப் பாக்குற பழக்கம் வருது? அது தொட்டுத் தொட்டுப் பாக்காது. நான்தான் பாப்பேன். மூணு நாளும், ராவும் பகலும் அப்டித்தான் பாப்பேன். இந்தக் கைக்கு அத்த வுட்டா வேற எதுவும் தெரியாது. அதனாலதான் தோத்தேன். நீங்க சொன்னது பொய்னு இதுக்கு மேல எப்டி சார் காட்டுறது? சொன்னத வாபஸ் வாங்குங்க."

அஜின் மறுபடி சட்டையை நீவிக்கொண்டான்.

ராசையா அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இன்னாப்பா சொல்றீங்க? நீங்களும் பார்த்துகினுதானே இருந்தீங்க" என்று கேட்டார்.

நான் அங்கே யாருக்கும் பேச்சு எழுதித் தரப் போவதில்லை. அவள் விரலை நீங்களும் பார்த்தீர்கள். அணியில் அந்த இடம் அவளுக்கா இல்லையா என்று ராசையா உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறார், அவள் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.