பூத்த பயிரை மடக்குதல்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சரக்கில்லை. திருவாதவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், வயிறு முட்டச் சாப்பிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற இடத்தில் கிடைத்தது. எதிர் வயலோரம் ஒரு டிராக்டர் சும்மா நின்றது. பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தப்புதான். அதை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை.

2.

தொடக்கம் ஒன்று: "பொன்னிறக் கதிரவன் வயல்வெளி மீது தன்" (வேண்டாம். மத்தியான நேரம், வெயில் மண்டையைப் பிளந்தது.)

தொடக்கம் இரண்டு: "நஞ்சில்லா உணவே நாளைய" (இதைச் சுவரில் எழுதலாம், கதையில் ஆகாது.)

நேராகவே சொல்கிறேன். அந்த வயல் தங்கப்பொண்ணுக்கும் கருப்புக்கும் சொந்தம். இருவரின் அப்பன் ஆத்தாளும் ஊரார் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். இவர்கள் காலத்தில்தான் சொந்த மண் வந்தது. உரத்தைக் கொட்டிக் கொட்டி அது கெட்டித்துப் போனது, விளைச்சல் வருஷா வருஷம் இறங்கியது. பிளாட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் கருப்பு. ஒரே ஒரு போகம் பொறுங்கள் என்றார் தங்கப்பொண்ணு. கம்பு, எள், உளுந்து, தட்டைப்பயறு, சணப்பு எல்லாவற்றையும் கலந்து விதைத்தார். பூத்ததும் அப்படியே மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம். அதன் மேல் நெல் நடலாம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இதை எழுதுகிற என் விளாங்குடி வீடும் ஒரு காலத்தில் வயல்தான். மழை பெய்தால் வாசலில் இன்னும் தவளை கத்தும். வயல் போய்விட்டது என்று அதற்கு யாரும் சேதி சொல்லவில்லை போல.)

3.

கருப்பு என் கையில் மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டார். முதல் வரைவில் அவரை உர மூட்டையைக் கட்டிக்கொண்டு அழும் பிடிவாதக்காரராக எழுதினேன். பொய். செடிகள் பூத்தன, அவர் உழவில்லை. பிஞ்சு பிடித்தது, அப்போதும் உழவில்லை. டிராக்டரை வரச்சொல்வதும் திருப்பி அனுப்புவதுமாக நாள் போனது. நான் பார்த்த அன்றைக்கு நிலைமை இதுதான்: இனித் தள்ளினால் தண்டு முற்றி மட்காமல் போகும். மறுநாள் கால்வாயில் நெல்லுக்குத் தண்ணீர் வேறு வருகிறது.

"அண்ணே, வண்டிய எறக்கவா வேணாமா? அடுத்த காட்டுக்காரன் போன் மேல போன் போடுறான்," என்றார் டிராக்டர்காரர் முத்திருளன்.

"இரு மாப்ள." கருப்பு மனைவியிடம் திரும்பினார். "ஏ புள்ள, உளுந்து எம்புட்டுக் காய்ச்சிருக்கு பாரு. இத உசுரோட மடக்கச் சொல்றியா? எங்கய்யா சிந்துன நெல்லப் பொறுக்குனதுக்கு அடி வாங்குன மனுசன்."

இங்கே ஓர் உவமை எழுதினேன். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

தங்கப்பொண்ணு குரலை உயர்த்தவில்லை. "நம்ம அப்பன் ஆத்தா வெளைய வச்சதெல்லாம் அடுத்தவுக வீட்டுக்குப் போச்சு. இது நம்ம மண்ணுக்குத்தானங்க போகுது. ஒரு தடவ அதுக்கும் சோறு போடுங்க."

4.

முடிவு அ: கருப்பு உழுகிறார். மண் பொலபொலக்கிறது, நெல் கொழிக்கிறது. (முதல் வருஷமே மண் அப்படி அள்ளிக் கொடுக்காது. கொடுத்தது என்று எழுதினால் தங்கப்பொண்ணே சிரிப்பார்.)

முடிவு ஆ: கருப்பு உழவில்லை. தை பிறந்ததும் வயலில் பிளாட்டுக்கு மஞ்சள் கல் ஊன்றுகிறார்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தவளை (இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.)

5.

கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்.

"நீ எறங்கு மாப்ள. இத நான்தான் செய்யணும்," என்று சொல்லிக் கருப்பு டிராக்டரில் ஏறினார். தங்கப்பொண்ணு வயலில் இறங்கி, காய்த்த உளுந்துச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி வந்து அவர் மடியில் வைத்தார். கருப்பு ஒரு காயை உரித்து வாயில் போட்டு மென்றார். வண்டியைக் கிளப்பினார். அது நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து என் பஸ் வந்தது. வயல் பக்கம் ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. அவர் முகத்தை அதற்கு மேல் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஜன்னல் சீட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பஸ் கிளம்பப் போகிறது. நீங்கள் உட்காருங்கள்.